படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்



1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஒகையோ ஆற்றின் அக்கரையிலிருந்து, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரை பான்டெயின், போர்ட்டர் என்ற இருவர் வெள்ளி பூசிய எட்டுத் தகடுகளில் படம் பிடித்தனர். கரையில் நின்ற நீராவிப் படகுகளின் பெயர்களைக் கொண்டே பின்னாளில் அந்த நாள் கணிக்கப்பட்டது. 150 ஆண்டுகளுக்குப் பின் நுண்ணோக்கியில் நோக்கியபோது, கோபுரக் கடிகாரத்தின் முட்களும் ஆற்றோரத்தில் நின்ற எளிய மனிதரும் தெளிவாகத் தெரிந்தனர்.

நம் ஆலயப் பழம்படங்களில் ஆயரையும் குருக்களையும் அறிவோம். ஓரத்தில் சாந்துச் சட்டியுடன் நிற்கும் தாய் யார்? முதியோரைக் கேட்டு, பெயரைப் படத்தின் பின்புறம் இன்றே எழுதி வையுங்கள். நம் தலைமுடியையும் எண்ணி வைத்திருக்கும் இறைவன் அவரை அறிவார். அவர் எழுப்பிய ஆலயத்தில் செபிக்கும் நாமும் அறிய வேண்டாமா?

உங்கள் பங்குக் குரு