துலேயில் கிடந்த வழக்கு

1986-இல் பரமத்திப் பக்கமிருந்து ஓர் அம்மா எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். இடுப்பில் நாலு வயசுப் பையன். மஞ்சள் பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து என் மேசைமேல் வைத்தார்: வீட்டுக்காரரின் லைசென்ஸ், மராத்தியில் எழுதிய போலீஸ் காகிதம் ஒன்று, பேட்டாக் கணக்கு எழுதிய நோட்டு ஒன்று. ஈரோட்டில் மஞ்சள் ஏற்றி இந்தூருக்குப் போன லாரி அது. மகாராஷ்டிரத்தில் துலே பக்கம் டயர் பஞ்சர். ஓரங்கட்டி, ஜாக்கி போட்டு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர்மீது பின்னால் வந்த இன்னொரு லாரி ஏறிவிட்டது. 30 வயசு.

"ஏனுங்கண்ணா, கேசு இங்கயே போட்டுக்கலாமுங்களா?"

நான் குமாஸ்தாவாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. பதில் தெரிந்ததால் வக்கீல் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "துலேயிலதாம்மா போடோணும்" என்றார். அந்த அம்மாவுக்குத் துலே என்பது தந்தியில் வந்த ஒரு சொல். அவ்வளவுதான்.

விபத்து நஷ்டஈட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் தொகை ஏறிய கதையைத்தான் எழுதுகிறார்கள். நாமக்கல் மாதிரி லாரி ஊரில் நாற்பது வருஷம் கேஸ் கட்டுத் தூக்கிய எனக்கு அது இரண்டாம்பட்சம். எந்த ஊர்க் கோர்ட்டில் மனுப் போடுவது என்பதுதான் இங்கே பல குடும்பங்களின் தலையெழுத்தாக இருந்தது.

ஆதியில் மனுவே கிடையாது. காயம்பட்டவன் வழக்குப் போடலாம், செத்தவனுக்காக யாரும் போட முடியாது என்பது பழைய ஆங்கிலேயச் சட்டம். 1808-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்து, ஒருவருடைய மனைவி ஒரு மாதம் கழித்து இறந்தார். அந்த ஒரு மாதக் கஷ்டத்துக்குப் பணம் கேட்கலாம், சாவுக்குக் கேட்க முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ பிரபு. ஆளை அரைகுறையாக அடிப்பதைவிட அடியோடு கொல்வதே லாபம் என்றல்லவா ஆகிறது! ரயில் வந்து சாவு பெருகிய பிறகு, 1846-இல்தான் அங்கே இதை மாற்றினார்கள். இந்தியாவுக்கு 1855-இல் மரண விபத்துகள் சட்டம் வந்தது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-இல். எங்கள் பக்கத்து ரயிலுக்கு ஒரு வருஷம் முந்திக்கொண்டு சாவுக்கான சட்டம் வந்துவிட்டது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டுமே அதில் இடம். அண்ணன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த தங்கைக்கு இல்லை.

அதன்படி சிவில் கோர்ட்டில் வழக்கு நடக்கும். எவ்வளவு நாள் நடக்கும் என்பதற்கு எங்கள் கொங்கு நாட்டிலேயே சாட்சி உண்டு. பழனி–தாராபுரம் பாதையில் 1947-இல் நடந்த ஒரு பஸ் விபத்து, கோபால்டு மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது 1961-இல். பதினான்கு வருஷம்.

மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் கட்டாயம் என்று 1939-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் சொன்னாலும், அந்தப் பகுதி அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-இல்தான். பிறகு 1956-இல் திருத்தம் கொண்டுவந்து, விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் வைத்தார்கள். எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி. கோர்ட். நல்ல காரியம்தான். ஆனால் விபத்து நடந்த எல்லைக்குரிய தீர்ப்பாயத்தில்தான் மனுப் போட வேண்டும் என்று கூடவே ஒரு வரி எழுதிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் அங்கே, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அங்கே, பார்த்த சாட்சி அங்கே. எழுதியவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். டவுன் பஸ்ஸில் அடிபட்டவருக்கு அது சரி. லோடு ஏற்றினால் மாதக் கணக்கில் வீடு திரும்பாத டிரைவரின் பெண்சாதி என்ன செய்வாள்? மனுவுக்கு முதலில் 60 நாள் கெடு. பிறகு அது ஆறு மாதமானது.

வக்கீல் ஐயா துலேயில் ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்து இங்கிலீஷில் கடிதம் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். மனு போயிற்று. அந்த அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை ரயிலேறிப் போய் வந்தார். அன்றைக்கு நீதிபதி லீவு. அடுத்த வாய்தாவுக்கு டிக்கெட் எடுக்கத் தோட்டை அடமானம் வைத்தார். அதற்கடுத்த வாய்தாவுக்கு அடகு வைக்க எதுவும் இல்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியானது. யார் தப்பு என்று பார்க்காமலே சாவுக்கு 15,000 ரூபாய் கொடுக்க 1982-லேயே சட்டம் வந்திருந்தது. அதை வாங்கவும் துலேக்குத்தானே போக வேண்டும்! லாரி ஓனர் 5,000 கொடுத்தார். அவர் மோசமான ஆள் இல்லை. அவருக்கு அந்த ஒரு வண்டிதான்.

1988-இல் புதுச் சட்டம் வந்தது. ஆசையோடு புரட்டினேன். அந்த வரி அப்படியே இருந்தது. 1994 நவம்பர் 14-இல் அமலான திருத்தம்தான் கதவைத் திறந்தது: மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஆறு மாதக் கெடுவையும் அப்போது எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும் இதே வசதி வந்தது. டிரைவர் தன் தப்பாலேயே மோதிச் செத்தால் குடும்பத்துக்குப் பெரும்பாலும் அந்த வழிதான் மிச்சம் என்பதால், எங்களுக்கு அது பெரிய விஷயம்.

பிறகு எங்கள் மேசைக்கு எல்லா மாநிலத்து எழுத்தும் வர ஆரம்பித்தது. குஜராத்தி, ஒரியா, இந்தி எஃப்.ஐ.ஆர்.கள். மராத்திக் காகிதம் வந்தால் கடைவீதிக்குப் போவேன். அங்கே தங்கம் உருக்கும் பட்டறைக்காரர் ஒருவர், சாங்லிப் பக்கத்து மராட்டியர். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, தமிழும் மராத்தியும் கலந்து வாசித்துச் சொல்வார். முறையான மொழிபெயர்ப்பு பிற்பாடு வரும். கேஸ் நிற்குமா நிற்காதா என்பது பட்டறையிலேயே தெரிந்துவிடும். காசு வாங்கமாட்டார். டீ மட்டும்.

அந்தப் பேட்டா நோட்டு ஆபீசிலேயே தங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009-இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் நஷ்டஈட்டுக் கணக்கு முறையை ஒழுங்குபடுத்திய பிறகு, ஒருநாள் அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சம்பளமும் பேட்டாவும் சேர்த்து மாதம் 900. வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 1,260. மனைவி, பிள்ளை, தாய் என்று மூன்று பேர் நம்பியிருந்ததால், அவர் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 840. வருஷத்துக்கு 10,080. முப்பது வயசுக்குப் பெருக்கும் எண் 17. ஆக 1,71,360 ரூபாய், வட்டி தனி. அன்றைய கோர்ட் இந்த முறையில் கணக்குப் போட்டிருக்காது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கணக்குப் போட்ட காகிதத்தைக் கிழித்துப் போட மனசு வரவில்லை.

2019-ஆம் வருஷத் திருத்தம் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது; 2022 ஏப்ரல் 1 முதல் அமல். சொந்த ஊரில் போடும் உரிமையில் கை வைக்கவில்லை. ஆகவே கருமாதி முடியட்டும், தலைத் திவசம் முடியட்டும் என்று நாள் தள்ளாதீர்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. அதற்கு மனுக் கொடுக்க வேண்டியது விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம். எந்த ஊர் எழுத்தில் இருந்தாலும் சரி, எஃப்.ஐ.ஆர். நகலை முதலில் வாங்கி வையுங்கள்.