வானொலியில் ஒரு சர்வகலாசாலை

கல்வி என்பது கலாசாலையின் மதில்களுக்குள் இருக்கும் பொருளா, அன்றி மக்கள் வாழும் இடந்தோறும் செல்லவேண்டிய பொருளா என்னும் வினா மிகப் பழையது. வானொலி தோன்றிய நாட்களிலேயே அதனைக்கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயன்றது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள விஸ்கொன்சின் சர்வகலாசாலை. அது நடத்திய வானொலி நிலையத்தின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

மடிசன் நகரில் அமைந்த இச்சர்வகலாசாலைக்கு 1903 முதல் 1918 வரை தலைவராக விளங்கியவர் சார்ள்ஸ் வான் ஹைஸ். மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சர்வகலாசாலையின் பயன் சென்று சேரும்வரை தமக்கு மனநிறைவு இல்லை என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு ஏற்ற கருவி பௌதிக ஆய்வுகூடத்திலே உருவாயிற்று. 1915ஆம் ஆண்டில் '9 எக்ஸ் எம்' என்ற குறிப்பெயருடன் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு உரிமம் கிடைத்தது. பேராசிரியர் ஏள் டெரி அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். நாம் வால்வு என்று வழங்கும் வெற்றிடக் குழாய்கள் விலைக்குக் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. ஆகவே, டெரியும் அவர் துணைவரும் கண்ணாடியை ஊதி அவற்றைத் தம் கையாலேயே செய்தனர். அரிதின் முயன்று செய்த குழாய் எளிதில் எரிந்துபோகும். மீண்டும் ஒன்று செய்வர். டெரியுடன் உழைத்த மாணவருள் ஒருவரான மல்கம் ஹான்சன் பிற்காலத்தில், 1928இல் புறப்பட்ட பேர்ட் என்பாரின் தென்துருவப் பயணக் குழுவில் தலைமை வானொலி இயக்குநராகச் சென்றார்.

1916இன் இறுதியில் இந்நிலையம் வானிலை அறிக்கைகளை மோர்ஸ் தந்திக் குறிகளில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், தனியார் நிலையங்கள் யாவும் வாய்மூடும்படி பணிக்கப்பட்டன. ஆனால் 9 எக்ஸ் எம் கடற்படையின் பரிசோதனைகளுக்கு உதவும் பொருட்டு இயங்க அனுமதி பெற்றது. இதனால் ஆய்வு தடைப்படவில்லை. 1921 ஜனவரியில் வானிலை அறிக்கை மனிதக் குரலிலேயே ஒழுங்காக வரலாயிற்று. மறு ஆண்டில் நிலையம் 'டபிள்யூ எச் ஏ' என்னும் பெயரைப் பெற்றது. அமெரிக்காவின் மிகப் பழைய நிலையம் எதுவென்ற வழக்கில் இதன் பெயரும் அடிபடுவதுண்டு. அவ்வழக்கினும், நிலையம் என்ன பேசியது என்பதே நமக்கு முக்கியமானது.

வானிலையுடன் சந்தை விலைகளும் பேசப்பட்டன. பால்பண்ணைகள் நிறைந்த மாநிலம் அது. பட்டணத்து விலையை அறியாத விவசாயி, தரகன் சொன்ன விலைக்கே தன் பொருளைக் கொடுக்க வேண்டியவனாகிறான். விலையை அன்றன்றே கேட்டறிந்தவனோ பேரம் பேசும் வலிமையைப் பெறுகிறான். ஆகவே, அறிக்கையாக வாசிக்கப்பட்ட சில எண்கள் ஒரு குடும்பத்தின் வருவாயையே மாற்ற வல்லனவாயின.

எனினும், இத்தகைய நிலையங்களுக்குச் சோதனைக் காலம் ஒன்று வந்தது. 1920களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 200 கல்வி நிலையங்கள் ஒலிபரப்பு உரிமம் பெற்றிருந்தன. 1930களின் நடுப்பகுதி கடந்தபோது எஞ்சியவை 40க்கும் குறைவு. செலவைத் தாங்க முடியாமல் சில மறைந்தன. விளம்பரத்தால் வளம்பெற்ற வர்த்தக நிலையங்கள் நல்ல அலைவரிசைகளைக் கைக்கொள்ளவே, வேறு சில மறைந்தன. டெரி 1929இல் காலமானார். அவர் வளர்த்த நிலையம் பிழைத்தது. ஆனால் பகல் வேளையில் மட்டுமே ஒலிபரப்பலாம் என்னும் கட்டுப்பாட்டுடன் பிழைத்தது.

பகலில் வானொலி கேட்கக் கூடியவர் யாவர்? மதிய உணவுக்கு வீடு திரும்பும் விவசாயி, இல்லத்தரசி, பள்ளிச் சிறுவர் ஆகியோர். நிலையத்தார் இவர்களையே தம் மாணவராகக் கொண்டனர். இல்லத்தரசிகளுக்கென ஒரு நிகழ்ச்சி 1929 முதல் நடைபெற்றது. மக்கார்ட்டி என்பார் நிலையத்தை நிர்வகித்த காலத்தில், 1931ஆம் ஆண்டு அக்டோபரில், 'விஸ்கொன்சின் வான்வழிப் பள்ளி' தொடங்கியது.

அக்காலத்துக் கிராமப் பள்ளிகளுட் பல ஒரே அறையைக் கொண்டவை. எட்டு வகுப்புக்கும் ஓர் ஆசிரியையே. கணிதமும் வாசிப்பும் கற்பித்த அவர், சங்கீதமும் சித்திரமும் கற்பிக்கத் தனிப் பயிற்சி பெற்றவராக இருத்தல் அரிது. அக்குறையை வானொலி நிறைத்தது. பேராசிரியர் எட்கார் கோர்டன் ஒலிவாங்கியின் முன் நின்று பாட்டுக் கற்பித்தார். வெவ்வேறு பள்ளிகளில் இருந்து ஒரே பாட்டைக் கற்ற சிறுவர், ஆண்டுதோறும் மடிசனில் திரண்டு, அதுவரை முகமறியாத ஆசிரியர் முன் ஒருமித்துப் பாடினர். வேக்லின் மக்நீல் என்பவர் 'ரேஞ்சர் மக்' என்னும் பெயரில் மரங்களையும் பறவைகளையும் மண்ணையும் பற்றிப் பேசி, இயற்கையைப் பேணும் எண்ணத்தை வளர்த்தார். ஜேம்ஸ் ஷ்வால்பாக் என்பவரோ 1936 முதல் சித்திரம் கற்பித்தார். காணாத சித்திரத்தைக் காதால் கற்பது எங்ஙனம்? கதையையும் இசையையும் கேட்ட பிள்ளை, தன் மனத்தில் எழுந்ததைத் தாளில் வரைந்தது. பார்த்து வரைய முன்மாதிரி இல்லாமையால் ஒவ்வொரு பிள்ளையின் சித்திரமும் அதற்கே உரியதாயிற்று.

வளர்ந்தோர்க்கெனக் 'வான்வழிக் கல்லூரி' 1933இல் பிறந்தது. நூல் ஒன்றை நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாசிக்கும் நிகழ்ச்சியோ தலைமுறைகளைக் கடந்து நீடித்தது. 1947 முதல் எப். எம். நிலையங்கள் நிறுவப்படவே, இரவிலும் பேசும் உரிமை கிட்டியது. காலப்போக்கில் தொலைக்காட்சியும் வகுப்பறைக்கு வந்தது. வான்வழிப் பள்ளி தன் பணியை அதனுடன் பகிர்ந்துகொண்டது.

நேயர்களே, வானொலியின் ஒவ்வொரு நாழிகைக்கும் விலை கூறப்பட்ட நாட்டிலே, விலை கூறாத சில நாழிகைகளை ஒரு சர்வகலாசாலை காத்து நின்றது. ஒற்றை அறைப் பள்ளியிற் படித்த சிறுமிக்குப் பாட்டும், பண்ணையில் உழைத்தவனுக்குச் சந்தை விலையும் கிடைத்தமை அக்காவலின் பயனாகும். காற்று பொதுச் சொத்து என்பது உண்மையானால், அதன் ஒரு பகுதியையேனும் கல்விக்கென ஒதுக்கிவைப்பது ஆள்வோர் கடமை. அவ்வாறு ஒதுக்கியதைப் பயனுறச் செய்வது கற்றோர் கடமை.