ரோடு எங்கிருந்து ஏறுகிறது?

போன நவராத்திரிக்கு நம் குடியிருப்பின் பொது ஹாலில் வைத்த கொலுவைப் பார்த்தவர்களுக்கு, படிகளுக்குக் கீழே பூங்காவில் ஓடிய ரயில் ஞாபகம் இருக்கலாம். தண்டவாளத்துக்கு மேலே ஒரு மேம்பாலம் வைத்திருந்தேன். என் மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் கிட் அது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தப் பாலத்துக்கு ரோடு எங்கிருந்து ஏறுது?" என்று கேட்டான்.

பாலத்தின் இரண்டு முனைகளும் அந்தரத்தில் நின்றன. அது தெரியாமல் இருக்க நான் இரண்டு பக்கமும் முளைப்பாரிக் கிண்ணம் வைத்து மறைத்திருந்தேன்.

கிட் செய்தவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் ஊர்ப் பாலம் பல இடங்களில் அப்படித்தான். பொம்மை ரயிலை ஒரு முறை வாங்கி, பிறகு தண்டவாளம், ஸ்டேஷன், பாலம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற வழக்கத்தை 1891-இல் லைப்சிக் சந்தையில் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி தொடங்கிவைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி 1920-இல் ரயில் விற்க ஆரம்பித்தது. மேஜைமேல் அடங்கும் சிறிய ரயிலை 1938-இல் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்ததும் ஏர்ஃபிக்ஸ் போன்றவர்கள் நடைமேம்பாலம், லெவல் கிராஸிங் கேட் எல்லாவற்றையும் ஒட்டிச் செய்யும் பெட்டிகளாக விற்றார்கள். என்னிடம் உள்ளது 87-இல் ஒரு பங்கு அளவு.

அதன் தோற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் துளை விட்ட கான்கிரீட் பாலம், 1930-களின் பாணி. அமெரிக்காவில் கார்கள் பெருகி, கேட்டுகளில் விபத்தும் பெருகிய காலம் அது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை தர 1935-இல் ஒரு நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, ரயில்வே கிராஸிங் ஆபத்தை ஒழிப்பதற்கு மட்டும் 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தக் காலத்துப் பாலம்தான் சின்னதாகி நம் கொலுவுக்கு வந்திருக்கிறது. மேட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட இடமானால் ரோடு நேராக வந்து பாலத்தில் சேர்ந்துவிடும், ஏற்றமே வேண்டாம். அதனால்தான் கிட்டில் நடுப்பகுதி மட்டும் கொடுக்கிறார்கள்.

நம் பக்கம் மேடு ஏது? கரிசல் காடு, தட்டையான பூமி. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில்வே மீட்டர் கேஜ் பாதை போட்டபோது நம் ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். விருதுநகர் ஆனது 1923-இல். 1927-இல் இங்கிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குக் கிளைப் பாதை வந்தது. தீப்பெட்டித் தொழில் அப்போதுதான் சிவகாசியில் காலூன்றிக்கொண்டிருந்தது. ரோட்டில் மாட்டு வண்டிதான் அதிகம். ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிட்டன. ஒரு கேட்டும் ஒரு கேட்கீப்பரும் போதுமாக இருந்தது. பிறகு பட்டாசு லாரி, அச்சகங்களுக்குப் பேப்பர் லாரி, மினி பஸ் என்று ரோடு நிறைந்தது. கேட் அப்படியே இருந்தது.

மேம்பாலம் கேட்டால் கிடைத்துவிடாது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அது 1,00,000-ஐத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதி ஏற்கும். 20 ரயில் ஓடும் பாதையென்றால் 5,000 வண்டி வேண்டும். லாரியும் ஒன்று, மாட்டு வண்டியும் ஒன்று, ஆட்டோ அரை. லெட்ஜரில் காலம் தள்ளிய எனக்கு இந்தக் கணக்கில் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் வண்டியில் யார் போகிறார்கள் என்பதற்கு அதில் பத்தி இல்லை.

1980-களில் ஒரு மாலை, இந்தப் பட்டாசுப் பகுதியில் ஒரு கேட்டில் எங்கள் பஸ் நின்றது. இரண்டு வண்டி தள்ளிப் பின்னால் ஒரு வேன். உள்ளே ஒருவரை வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். டிரைவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்கீப்பரிடம் கெஞ்சினார். அவரும் என்ன செய்வார், ரயில் வரும்போது திறக்க முடியுமா? ரயில் போய், கேட் திறந்து, இரு பக்கமும் முண்டியடித்த வண்டிகள் விலக மேலும் நேரமானது. அந்த மனிதர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம். மின்சார ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்ட, தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் வரை சுமார் ஆறரை மீட்டர் இடைவெளி வேண்டும். கர்டரின் கனத்தையும் சேர்த்தால் ரோடு எட்டரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். பாரம் ஏற்றிய லாரி ஏறுவதற்கு 30 அடிக்கு ஓர் அடிதான் உயரலாம். ஆக ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 255 மீட்டர் சரிவு. பஜார் நடுவே 255 மீட்டர் என்றால் எத்தனை கடை, எத்தனை வீட்டு வாசல்! தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும். சரிவுகளுக்கு நிலம் எடுத்துக் கட்டுவது மாநில நெடுஞ்சாலைத் துறை. நிலத்துக்கு வழக்கு வந்தால் நடுப்பகுதி மட்டும் தனியாக நிற்கும், என் கிட் மாதிரியே. பல ஊர்களில் அப்படி வருடக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

இந்த வருடம் கிட்டைத் திருத்தினேன். கைப்பிடிச் சுவரின் துளைகளை வால் புட்டி வைத்து அடைத்தேன். மின்கம்பிக்கு நேர் மேலே கொசுவலை வெட்டித் தடுப்பு வலை கட்டினேன். சரிவின் பக்கச் சுவருக்குப் பழைய காலண்டர் அட்டை. ஏணிப்படிக்கு மருந்து வைக்காத தீக்குச்சி. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கா பஞ்சம்? தூண்களில் ஒட்ட, அச்சக நண்பர் கழிவுத் தாளில் நகம் அளவு போஸ்டர் அடித்துக் கொடுத்தார். கண்ணீர் அஞ்சலி ஒன்று, காதணி விழா ஒன்று. அவை ஒட்டியதும்தான் பாலம் நம் ஊருக்கு வந்தது. தண்டவாளத்தை மட்டும் விட்டுவிட்டேன். நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். இந்த அளவில் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். கிட் ரயிலுக்கோ பதினாறரைதான்.

சரிவு மீதியிருந்தது. எட்டரை மீட்டரை 87-ஆல் வகுத்தால் சுமார் 10 சென்டிமீட்டர். அதற்கு முப்பதுக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர். பார்க்க வந்தவர்கள், "யாருக்கு சார் தெரியப்போகிறது, செங்குத்தாக இறக்கிவிடுங்கள்" என்றார்கள். பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாலில் இடமில்லாததால் மூன்றாம் மாடி வராந்தாவில் லிஃப்ட் பக்கத்திலிருந்து அளந்தோம். சரிவு சரியாக ஒரு வீட்டு வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டில் போய் முட்டியது.

அந்த வீட்டு அம்மா முதலில் முடியாது என்றார். இருபது வருடமாக அது அங்கேதான் இருக்கிறதாம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. தன் வீட்டுக்கு நேராக ஒரு படிக்கட்டும், சரிவுக்குக் கீழே நடந்துபோக ஒரு சுரங்கப்பாதையும் வைத்தால் சம்மதம் என்றார். தீக்குச்சி இன்னும் அரைக் கட்டு இருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது.