மரத்தின் காயமும் மருந்தும்

விஷுத் திருநாளை ஒட்டித் திருவனந்தபுரத்தில் கொன்றை பூக்காத தெரு அரிது. நம் இல்லத்து முற்றத்திலும் ஒரு கொன்றை நிற்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், கூரைமீது சாய்ந்த அதன் கிளையொன்றை ஆள் வைத்து வெட்டுவித்தோம். அடிமரத்தோடு ஒட்ட, வழவழப்பாக அறுத்து, வெட்டுவாயில் தாரும் பூசிச் சென்றார் தொழிலாளி. நேர்த்தியான வேலை என்றே மகிழ்ந்தோம். பின்னர் ஓர் இடவப்பாதி மழையில் அவ்விடத்திற்கு மேலிருந்த பெருங்கிளை முறிந்து வீழ்ந்தது. உள்ளே மரம் பஞ்சுபோல் மக்கியிருந்தது.

வெட்டிய இடத்தில் மருந்து பூசினால் மரம் பிழைக்கும் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர், பிருகத் சம்ஹிதையில் மரம் பேணுதற்கென ஓர் அத்தியாயமே வகுத்தார். நோயுற்ற பகுதியைக் கத்தியால் களைந்து, வாய்விடங்கமும் நெய்யும் சேறும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் வார்க்கவேண்டும் என்பது அவர் கூறும் முறை. மனிதர் புண்ணுக்கு மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய இதுவே அன்றோ? இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக்காரரான வில்லியம் ஃபார்சைத், சாணம், சுண்ணாம்பு, மரச்சாம்பல், மணல் இவை சேர்ந்த சாந்தொன்றை 1791இல் நூலெழுதிப் பரப்பினார். பாராளுமன்றம் அவருக்குப் பொருளும் வழங்கியது. சாணத்தின் பெருமையை நம்மவர் லண்டனிலிருந்து கற்கவேண்டியதில்லை என்பது வேறு செய்தி!

மரம் மக்குவதற்குக் காரணம் பூஞ்சை என ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் ஹார்ட்டிக் 1878இல் விளக்கினார். பூஞ்சை புகாமல் வாயிலை அடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்திற்கு அதுவும் இடம் தந்தது.

இவ்வெண்ணத்தை அசைத்தவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. அவர் மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து உள்ளே நோக்கினார். நம் உடலைப்போல் மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்கு வெளியே புதுமரம் வளர்க்கிறது. மேப்பிள் மரத்தையும் எல்ம் மரத்தையும் காயப்படுத்தி, பூச்சுகள் பூசி, ஐந்தாண்டு கழித்துச் சோதித்த முடிவு 1977இல் வெளியாயிற்று. எந்தப் பூச்சும் மக்குதலைத் தடுக்கவில்லை. குளிர்நாட்டு மேப்பிள் நம் முற்றத்தில் வளராது. ஆயினும் அது பட்ட காயம் நம் கொன்றையின் கதையை விளக்கிவிட்டது.

கிளை பிறக்கும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு உண்டு. தடுப்புச் சுவரின் வலிமை அங்கேதான் இருக்கிறது. ஒட்ட அறுத்தபோது நாம் இழந்தது அதையே. தாரால் அதை ஈடுசெய்ய முடியுமா?

கவாத்து என்னும் சொல் படைப் பயிற்சியையும் கிளை களைதலையும் ஒருங்கே குறிப்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது. இரண்டிலும் ஒழுங்குமுறை உண்டு போலும். பருத்த கிளையாயின் முதலில் சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, அதற்கப்பால் மேலிருந்து அறுத்து வீழ்த்தவேண்டும், பட்டை உரியாது. எஞ்சிய முண்டைப் புடைப்புக்கு வெளியே நீக்கவேண்டும்.

சென்ற ஆண்டு பூ உதிர்ந்தபின், மழைக்கு முன்னரே, மற்றொரு கிளையை இவ்வாறு நீக்கினோம். வேலை முடிந்ததும், "தார் எங்கே?" என்று வினவினார் தொழிலாளி. வேண்டா என்றதும் நம்மை ஐயத்தோடு நோக்கினார். இப்போது வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை விரலளவு திரண்டிருக்கிறது.