ஓசு கோட்டை
ஓசு கோட்டை, கானாவின் தலைநகர் அக்ராவில் அட்லாண்டிக் கடலோரப் பாறைமேட்டில் அமைந்துள்ளது. நெடுங்காலம் அந்நாட்டின் ஆட்சி பீடமாக விளங்கியது. டேனியர் இதனை 1661இல் கட்டத் தொடங்கி, மறைந்த தம் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் நினைவாகக் கிறிஸ்டியான்ஸ்போர்க் எனப் பெயரிட்டனர். தங்கம், தந்தம் ஆகியவற்றோடு அடிமை வணிகமும் இங்கு நடந்தது. விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இதன் நிலவறைகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர்.

1693இல் அசமானி என்பவர் தலைமையில் அக்வாமு மக்கள் கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டு டேனியரிடமே விற்றுவிட்டாலும் சாவிகளைத் திருப்பித் தரவில்லை. அவை இன்றும் அக்வாமு மரபுச் செல்வமாகப் போற்றப்படுகின்றன.

1850இல் பிரிட்டன் இதனையும் இக்கடற்கரையில் டேனியருக்கு இருந்த பிற உடைமைகளையும் சேர்த்து 10,000 பவுனுக்கு வாங்கியது. 1862 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட கோட்டை, 1902இல் கோல்ட் கோஸ்ட் (கானாவின் அன்றைய பெயர்) குடியேற்ற அரசின் தலைமையிடமானது. 1948 பிப்ரவரி 28 அன்று, மனு அளிக்கக் கோட்டை நோக்கி ஊர்வலம் வந்த முன்னாள் படைவீரர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூவர் இறந்தனர். அதைத் தொடர்ந்த கலவரம் விடுதலைப் போராட்டத்தைத் தீவிரமாக்கியது.

1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் அரசுத் தலைமை இங்கிருந்தே பெரிதும் இயங்கியது. அடிமை வணிகச் சுவடுள்ள இடம் அதற்கு ஏற்றதல்ல என்ற கருத்து வலுப்பெற, குடியரசுத் தலைவர் ஜான் குஃபுவோர் காலத்தில் இந்தியக் கடனுதவியுடன் ஜூபிலி மாளிகை எழுந்தது. 2013இல் குடியரசுத் தலைவர் அலுவலகம் அங்கு மாறியது. கானாவின் பிற கடலோரக் கோட்டைகளுடன் இதுவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது.