கல்முனைக் கரையோர முஸ்லிம்களிடையே சீதன உறுதியும் மரண சாதனமும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் சீதன உறுதிகளும் நன்கொடை உறுதிகளும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றன. மரண சாதனமோ அரிதாகவே காணப்படுகின்றது. இதனை மக்களின் அசட்டை என்றோ, மரணத்தைப் பற்றிப் பேச அஞ்சும் மனப்பாங்கு என்றோ கொள்வது மேலோட்டமான முடிவாகும். மரண சாதனம் செய்யவேண்டிய பணியின் பெரும்பகுதியை இப்பிரதேசத்தில் சீதன உறுதி, மரணத்துக்குப் பல்லாண்டுகள் முன்னரே செய்து முடித்துவந்துள்ளது. அவ்வுறுதி எட்டாது விட்ட இடங்களிலேயே மரண சாதனத்தின் தேவை எழுகின்றது. அவ்விடங்கள் எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். கொழும்பு மாகாணத்துச் சோனகரின் வழக்கங்கள், அவர்தம் தலைமைக்காரரின் ஒப்புதலுடன் 1806 ஆம் ஆண்டில் ஒரு சட்டக்கோவையாக வெளிவந்தன. அதன் முற்பகுதி வழியுரிமை பற்றியது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அக்கோவையைத் தீவு முழுவதற்கும் விரிவாக்கிற்று. மட்டக்களப்புத் தேசத்தின் தாய்வழிக் குடிமுறையைக் கொழும்புத் தலைமைக்காரர் எவ்வளவு அறிந்திருப்பர்? கல்முனை உட்பட்ட கரையோரம் 1961 இல் அம்பாறை மாவட்டம் உருவாகும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கிடையில், 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரண சாதனம் எழுதுவோர்க்கு முழுச் சுதந்திரம் வழங்கிற்று. ஒருவர் தம் சொத்தனைத்தையும் தாம் விரும்பியவருக்கு, மனைவி மக்களையும் விலக்கி, எழுதிவைக்கலாம். முஸ்லிம்களுக்கென இதில் விதிவிலக்கு இல்லை. இஸ்லாமிய சட்டமோ வஸிய்யத்தை மூன்றிலொரு பங்குக்குள் அடக்குகின்றது; வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் செய்வது ஏனைய வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது என்கிறது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இறந்தவர் சார்ந்த மத்ஹபின் சட்டமே (இங்கு பெரும்பாலும் ஷாபிஈ) வழியுரிமையை ஆளும் என்றது. ஆனால் மரண சாதனமின்றி இறந்தோரின் சொத்துக்கே அவ்விதி பொருந்தும். ஆக, அரசின் சட்டம் அனுமதிப்பதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. மார்க்கப் பங்கீட்டை மதித்தோர்க்கு எழுதுவதற்கு அதிகமில்லை. அதிலிருந்து விலக விரும்பியோர்க்குக் கைவசம் வேறு வழியிருந்தது.

அவ்வழியே சீதனம். மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழி உரிமை விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்பின் அவ்விதிகள் நீதிமன்றங்களிற் செல்வாக்கிழந்தன. ஆயினும் தாய்வழிக் குடியும், மணமகன் மணமகளின் இல்லத்திற் குடிபுகும் வழக்கமும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் நிலைத்தன. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக விளக்கியுள்ளார். மூத்த மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் வளவும், இயன்றால் வயலும் அவள் பெயரில் உறுதியாகின்றன. பெற்றோர் ஏனைய பிள்ளைகளுடன் அருகில் வேறொரு வீட்டுக்கு மாறுவர். அடுத்த மகளின் திருமணத்தோடு அதுவும் கைமாறும். இவ்வீடுகளில் வாப்பாவின் உழைப்பு மட்டுமன்றிச் சகோதரரின் உழைப்பும் அடங்கியிருக்கும். தங்கையின் வீடு கூரையேறும்வரை தன் திருமணத்தைத் தள்ளிப்போட்ட நானாமாரை இவ்வூர்களில் எவரும் அறிவர்.

இதன் பொருளியல் விளைவை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஒருவர் மனைவியையும் மூன்று மகள்மாரையும் உடன்பிறந்த சகோதரர் ஒருவரையும் விட்டு, மரண சாதனமின்றி இறக்கிறார். சொத்தை இருபத்துநான்கு பங்காக்கினால் மனைவிக்கு 3, மகள்மார் மூவருக்கும் சேர்த்து 16, சகோதரருக்கு 5. அவர் குடியிருந்த வீடு அவர் பெயரிலேயே இருந்திருப்பின், சகோதரர் அவ்வீட்டிலும் பங்காளியாவார். மகள்மாருக்கு உரிய காலத்தில் உறுதி முடிக்கப்பட்டிருப்பின் பங்கிடுவதற்கு அவ்வீடு மரணச்சொத்தில் இராது. பெண்ணைத் தெருவில் நிற்கவிடாத ஏற்பாடு என்ற வகையில் இதன் முற்போக்கான கூற்றை மறுக்கவியலாது. அதே ஏற்பாடு ஏழைத் தந்தையைக் கடனாளியாக்கியது என்பதும், ஆண்மக்களுக்கு மார்க்கம் விதித்த பங்கைப் பெரிதும் வெறும் ஏட்டளவினதாக்கியது என்பதும் உண்மையே. சீதனத்தை எதிர்ப்போர் பலர் முதலாவதைப் பேசுவர்; இரண்டாவதைப் பேசுவோர் குறைவு.

சீதன உறுதியின் முதலாவது இடைவெளி கடைசி மகள். அவளுக்குத் திருமணம் நிகழுமுன் வாப்பா மௌத்தாகிவிடின், அவளுக்கென நினைத்திருந்த வீடு அனைவருக்கும் பொதுவாகிவிடும். அவள் வாரிசாதலால் மார்க்க நெறிப்படி வஸிய்யத் இங்கு உதவாது. உதவக்கூடியது உயிருடனிருக்கையிற் செய்யும் நன்கொடை உறுதியே. 1931 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கு இரு நுட்பமான விதிகளை வைத்துள்ளது. நன்கொடை உறுதியை மீட்கவியலாதது என அவ்வுறுதியிலேயே கூறியிருந்தாலன்றி அது மீட்கக்கூடியதே. அவ்வாறே, உறுதியைப் பெறுநரிடம் ஒப்படைத்தமை உடைமையை ஒப்படைத்தமைக்குச் சான்றாகும். பெற்றோர் தம் ஆயுட்காலம்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை ஒதுக்கிவைத்து எழுதினால், அத்தகைய நன்கொடைக்கு நாட்டின் பொதுச் சட்டமே ஏற்புடையதாகும். ஆகவே உம்மாவும் வாப்பாவும் இறுதிவரை தம் கூரையின்கீழ் இருந்துகொண்டே கடைசி மகளின் உரிமையையும் காக்கலாம். மரணப் படுக்கையிற் செய்யும் நன்கொடை வஸிய்யத்தாகவே கருதப்படும் என்பதால் இதைப் பிற்போடுதல் ஆபத்தானது.

இரண்டாவது இடைவெளி இதனினும் கொடியது. தந்தைக்கு முன் மகன் இறந்து, பேரப்பிள்ளைகள் எஞ்சியிருப்பின், இறந்தவரின் உடன்பிறந்த ஆண் ஒருவர் உயிருடனிருக்கும் நிலையில் அப்பிள்ளைகள் பாட்டனாரின் வாரிசுகளாகார். 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் கடற்கோள் இக்கரையோரத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தந்தையற்றோராக்கியது. பாட்டனாரின் மரணத்தோடு அவர்கள் இரண்டாம் முறையும் இழக்க நேரும். எகிப்து 1946 இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத்தை விதித்தது. பாகிஸ்தான் 1961 இல் இறந்த பிள்ளையின் பங்கை அவர்களுக்கே வழங்கிற்று. இலங்கையின் 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வகை ஏற்பாடு எதுவுமில்லை. ஆனால் இப்பிள்ளைகள் வாரிசுகளல்லர் என்பதாலேயே, மூன்றிலொன்றுக்குட்பட்ட வஸிய்யத் அவர்களுக்குச் செல்லும். மார்க்கமும் அரசின் சட்டமும் முரண்படாத இடம் இது. மரண சாதனம் மிகவும் வேண்டப்படும் இடமும் இதுவே.

அதனை எழுதுதல் கடினமன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது எழுத்தில் அமைந்து, இறுதியில் எழுதுபவரின் ஒப்பத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இன்றேல் ஒரே வேளையிற் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிடல் வேண்டும். பயன்பெறுவோரைச் சாட்சியாக்காதிருத்தல் நன்று. முந்திய சாதனங்கள் நீக்கப்படுவதாக ஒரு வரி. அடக்கச் செலவும் கடன்களும் முதலில் தீர்க்கப்படுமென ஒரு வரி. மனைவிக்குக் கொடுபடாத மஹர் இருப்பின் அதுவும் கடனே. பின்னர், எஞ்சியதில் மூன்றிலொன்றுக்கு மேற்படாத பங்கு இன்னின்ன பேரப்பிள்ளைகளுக்கு என்பது, மிகுதி மார்க்கப்படி வாரிசுகளுக்கு என்பது, நிறைவேற்றுபவரின் பெயர். அரசகாணி அனுமதிப் பத்திரத்தில் உள்ள வயலை மட்டும் இதில் நம்பி எழுதலாகாது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதற்குப் பின்னுரித்தாளரை நியமித்து, மரணத்துக்கு முன்னரே பதிவு செய்தல் வேண்டும். அச்சட்டம் மகளுக்கு முன் மகனை வைத்திருந்த வரிசை 2022 இலேயே திருத்தப்பட்டது. வளவை மகளுக்கே எழுதிவந்த கரையோரத்தின் வழக்கத்துக்கு நேர்மாறான வரிசை அது.