கோணிச் சாக்கும் கரும்பலகையும்: வகுப்பறையின் நடுவில் யார்?

'மாணவர் மையக் கல்வி' என்ற சொல்லைக் கேட்காத ஆசிரியர் பயிற்சியே இன்று இல்லை. கூடிக் கற்றல், படைப்பாற்றல், கருத்தை எடுத்துச் சொல்லுதல், விமர்சனச் சிந்தனை என்று நான்கு திறன்களை வரிசைப்படுத்தி, இவைதான் 21ஆம் நூற்றாண்டின் திறன்கள் என்கிறார்கள். கேட்கும்போது எங்கோ வெளிநாட்டில் தயாராகி நேற்றுதான் இங்கே வந்திறங்கிய சரக்கு போலத் தோன்றும்.

தோழர்களே, மாணவரை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், இதுவரை அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்ற கேள்வி முதலில் வர வேண்டும். இந்த நாட்டின் வகுப்பறையில் மையத்தையும் மூலையையும் கோடு போட்டுப் பிரித்தது சாதி. அந்தக் கோட்டை அழிக்க நடந்த போராட்டம்தான் இங்கே மாணவர் மையக் கல்வியின் உண்மையான வரலாறு. பயிற்சிக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. அதனால் நாம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூலையில் ஒரு சாக்கு

சாத்தாராவில் படித்த சிறுவன் பீம்ராவுக்கு வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்கார இடம் இல்லை. தனியாக ஒரு மூலை. உட்கார ஒரு கோணிச் சாக்கு. வகுப்பைப் பெருக்கும் ஆள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால், தினமும் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் காலையில் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. இதையெல்லாம் அண்ணல் அம்பேத்கரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த ஒன்றை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் பதிவு செய்கிறார். ஒரு கணக்கைப் போட ஆசிரியர் பீம்ராவைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பில் கூச்சல். கரும்பலகைக்குப் பின்னால்தான் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். பீம்ராவ் பலகையை நெருங்குவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை எடுத்து அப்புறப்படுத்தினார்கள்.

கல்வியியல் மொழியில் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆசிரியர் செய்ய முயன்றது 'மாணவர் பங்கேற்பு'. மாணவருக்கு விடையும் தெரியும். ஆனால் பலகைக்கும் அவருக்கும் நடுவில் முப்பது டப்பாக்களோ மூன்று டப்பாக்களோ, சாதி உட்கார்ந்திருந்தது. முறை எவ்வளவு நல்லதானாலும் இந்த டப்பாக்களைப் பார்க்கத் தெரியாவிட்டால் அது பலகை வரை போய்ச் சேராது.

பதினான்கு வயதில் ஒரு கேள்வி

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே பூனாவில் வேறொரு வகுப்பறை இருந்தது. 1848இல் சாவித்ரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மகர், மாங் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது. பூலேவின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, தன் 14 வயதில் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளியானது. மாங், மகர் மக்களின் துயரம்தான் அதன் பொருள்.

வேதம் பிராமணருக்கு மட்டுமே சொந்தம் என்றால் அந்த வேதத்தின் மதம் எப்படி எங்கள் மதமாகும் என்று அந்தச் சிறுமி கேட்கிறார். பேஷ்வாக்கள் ஆட்சியில் தன் மக்களுக்கு நடந்த கொடுமைகளை எழுதுகிறார். தலைக்குமேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையை எழுதுகிறார்.

விமர்சனச் சிந்தனை, கருத்தை எடுத்துச் சொல்லுதல், படைப்பாற்றல் என்று இன்று தனித்தனிக் கட்டமாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறோமே, அத்தனையும் அந்த ஒரு கட்டுரையில் இருக்கின்றன. அந்த வகுப்பில் நவீனக் கருவி எதுவும் இல்லை. ஒரு சிறுமியின் சொந்த வாழ்க்கை பாடமாக இருக்கலாம், அவளுடைய கோபம் அறிவாக இருக்கலாம் என்று நம்பிய ஆசிரியர்கள் இருந்தார்கள்.

ஜோதிராவ் பூலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் கொடுத்த மனுவிலும் இதே எண்ணம் தெரிகிறது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பிராமணர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, உழைக்கும் மக்களிலிருந்து ஆசிரியர்கள் வர வேண்டும், ஏரையும் தச்சுக்கருவியையும் கையில் பிடிக்கக் கூசாதவர்களாக, எளிய மக்களோடு தயக்கமின்றிக் கலந்து பழகுபவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்று கேட்டார். பாடத்தில் விவசாயமும் உடல்நலமும் வேண்டும் என்றார். பிள்ளையின் உலகம் தெரிந்த ஆசிரியரால்தான் பிள்ளையிலிருந்து பாடத்தைத் தொடங்க முடியும்.

முறை புதிது, கூரை தாழ்வு

நம் ஊருக்கு வருவோம். 1894இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த கர்னல் ஆல்காட், அன்று 'பஞ்சமர்' என்று அழைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டோடு தொடர்பில் இருந்த காலம் அது. அடுத்தடுத்து சென்னையின் வேறு பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் வந்தன. அவற்றை மேற்பார்வையிட்ட அமெரிக்கப் பெண்மணி கோர்ட்ரைட், தங்கள் கற்பித்தல் முறையை விளக்கி 1906இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். மனப்பாடமும் பிரம்பும் ஆண்ட காலத்தில், பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்கும் கிண்டர்கார்டன் முறை சென்னைச் சேரிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருந்தது.

இதை நன்றியோடு நினைவுகூரலாம். அதே சமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிகள் ஆரம்பக் கல்வியோடு நின்றன. சமையலும், வீட்டு வேலைக்குப் போனால் உதவும் ஆங்கிலமும் அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டன. பிள்ளை எப்படிக் கற்க வேண்டும் என்பதில் முற்போக்கு, எதுவரை போகலாம் என்பதில் ஒரு கூரை. முக்தா சால்வேயின் வகுப்பறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கூரைதான். மகிழ்ச்சியாகக் கற்பிப்பதும் விடுதலைக்காகக் கற்பிப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆசிரியர் தரைக்கு வந்தபோது

நூறு ஆண்டுகள் கழித்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அன்று மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் கிடைத்த அனுபவமும், ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையும் இதற்கு அடிப்படை. வேலை செய்து பழகிய பிள்ளைகளைக் கையைக் கட்டி உட்காரவைத்துப் பாடம் நடத்த முடியாது என்ற அனுபவத்திலிருந்து வந்த முறை இது. பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007-08இல் மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது.

உங்களில் பலர் அந்த வகுப்பில் படித்தவர்களாகவே இருப்பீர்கள். பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தார்கள். யானை, முயல் என்று சின்னம் போட்ட அட்டைகள், கற்றல் ஏணி, படம் தொங்கவிடக் கம்பிப்பந்தல். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம்.

எல்பின்ஸ்டன் பள்ளியின் பலகையோடு இதை வைத்துப் பாருங்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் டப்பாவை நகர்த்த வேண்டியதில்லை. ஆசிரியரும் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். சேரிப் பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் தரையில் உட்கார்ந்தது, முறையியல் மாற்றம் என்பதைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் பல பெற்றோருக்கு அது அப்படித் தெரியவில்லை. களப்பணியில் ஓர் அம்மா கேட்டதை நான் மறக்கவில்லை: "எங்க காலத்துலதான் தரையில உக்கார வெச்சாங்க, எம்புள்ளையையும் அங்கேயேதான் உக்கார வெக்கணுமா?" தனியார் பள்ளியில் பெஞ்சும் டையும், நம் பிள்ளைக்குப் பாய். சாக்கில் உட்காரவைக்கப்பட்ட சமூகத்தின் நினைவு அந்தக் கேள்வியில் இருக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் ஒரு நல்ல முறைக்குப் பெற்றோரின் ஆதரவைத் திரட்டத் தவறினார்கள். பெற்றோரை உட்காரவைத்து, ஆசிரியரும் ஏன் தரைக்கு வந்திருக்கிறார் என்று பேசியிருக்க வேண்டும்.

பல இடங்களில் அட்டைகள் கிழிந்தன, போதிய ஆசிரியர் இல்லை, ஏணி வெறும் பதிவேடாக மாறியது. 2012இல் முப்பருவப் பாடநூல்களும் புதிய மதிப்பீட்டு முறையும் வந்தன. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆண்டு முழுக்க அரும்பிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை.

கூடிக் கற்றல் யாரோடு?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகக் குழந்தை மையமாகக் கற்பிக்க வேண்டும், குழந்தையைப் பயத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது. அதாவது இது ஆசிரியரின் நல்ல மனதைப் பொறுத்த விஷயம் அல்ல, பிள்ளையின் உரிமை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தலித் மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது. பள்ளிப் பெயர்களில் சாதியைக் குறிக்கும் சொற்களை நீக்க வேண்டும் என்பது இன்னொன்று. சாத்தாராவின் மூலைக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும், யார் எங்கே உட்கார்வது என்பதை ஒரு நீதிபதி எழுத வேண்டியிருக்கிறது.

ஊர்ப்பள்ளி, காலனிப்பள்ளி என்று பிள்ளைகள் பிரிந்தே படிக்கும் இடத்தில் கூடிக் கற்றல் யாரோடு நடக்கும்? ஒரே வகுப்பில் இருந்தாலும் குழு பிரிக்கும்போது தெரு வாரியாகப் பிரிந்தால் அங்கே என்ன திறன் வளரும்?

இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களுக்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த வகுப்பறைக்குப் போனாலும் சிலவற்றை மட்டும் கவனியுங்கள். யார் பலகையில் எழுதுகிறார்கள்? குழுவின் சார்பில் எழுந்து பேசுவது யார்? அறையைப் பெருக்கவும் தண்ணீர் தூக்கவும் அனுப்பப்படுவது யார்? பிள்ளையின் தெருவும் தாத்தாவின் தொழிலும் பாடத்தில் எங்காவது மரியாதையோடு வருகின்றனவா? கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைத்ததா, திட்டு கிடைத்ததா?

இவற்றுக்கான விடைகளைப் பதிவு செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரோடு போய்ப் பேசுங்கள். முக்தா சால்வேயின் வயதில் இன்றும் ஒரு சிறுமி நம் காலனியில் இருக்கிறாள். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, உனக்குத் தோன்றுவதை எழுது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஜெய் பீம்.